பழைய போனையும் மடிக்கணினியையும் எங்கே விற்பது? இணையவழிக் கொள்முதல், எக்ஸ்சேஞ்ச், நேரடி விற்பனை, கடை: ஓர் ஒப்பீடு

பயன்படுத்திய கைப்பேசியையோ மடிக்கணினியையோ விற்க விரும்புபவர்களுக்குச் சென்னை, கோயம்புத்தூர், மதுரை போன்ற நகரங்களில் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. கேஷிஃபை போன்ற இணையவழிக் கொள்முதல் நிறுவனத்திடம் விலை கேட்டு, வீட்டுக்கு வரும் அதன் பணியாளரிடம் ஒப்படைக்கலாம். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களிலோ பெரிய கடைகளிலோ புதியது வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாம். ஓஎல்எக்ஸில் விளம்பரம் போட்டோ தெரிந்தவர்கள் மூலமாகவோ, பயன்படுத்தப்போகும் ஒருவருக்கே நேரடியாக விற்கலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுப் பொருள் சந்தையிலோ ஊரிலுள்ள செல்போன் கடையிலோ கொடுத்துப் பணம் வாங்கிவரலாம். இவற்றில் எது அதிக விலை தரும் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான்: நேரடி விற்பனை. ஆனால் முடிவெடுக்க அந்த விடை மட்டும் போதாது. பொருளில் பின்னால் ஏதாவது பழுது தெரியவந்தால் நட்டம் யார் தலையில் விழும், வாங்க வருபவர் மோசடிக்காரராக இருந்தால் என்ன ஆகும், அலைச்சல் யாருடையது என்பவற்றுக்கெல்லாம் சேர்த்துக் கொடுக்கும் கூலிதான் விலைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம். அந்தச் சுமைகளில் எவற்றை நாமே தூக்கத் தயார் என்று தீர்மானித்துக்கொண்டால், எந்த வழியில் விற்பது என்பதும் தெளிவாகிவிடும்.

இணையவழிக் கொள்முதலை முதலில் பார்க்கலாம். தளத்தில் நம்முடைய போனின் மாடலையும் அதன் நினைவக அளவையும் தேர்ந்தெடுத்தவுடன் பெரிய எழுத்தில் ஒரு தொகை தோன்றும். அதற்கு அருகிலேயே 'வரை' என்ற சிறு சொல்லும் இருக்கும். குறையே இல்லாத, அண்மையில் வாங்கிய, டப்பா, பில், சார்ஜர் மூன்றும் உள்ள போனுக்கான உச்ச விலை அது. அழைப்பு பேச முடிகிறதா, தொடுதிரை முழுவதும் வேலை செய்கிறதா, திரை நிறுவனத்தின் அசல் திரைதானா, புள்ளியோ கோடோ விழுந்திருக்கிறதா, சட்டகம் வளைந்திருக்கிறதா, விரல்ரேகை உணரி, ஒலிபெருக்கி, மைக், சார்ஜ் போடும் துளை, கேமராக்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, வாங்கி எத்தனை மாதம் ஆகிறது என்று அடுத்தடுத்து வரும் கேள்விகளுக்கு நாம் சொல்லும் ஒவ்வொரு பதிலும் அந்தத் தொகையிலிருந்து ஒரு பங்கைக் கழிக்கும். வாங்கிப் பதினொரு மாதம் கடந்த போனுக்கும் மூன்று மாதப் போனுக்கும் இடையில் கணிசமான இடைவெளி இருக்கும். அசல் பில் இல்லாதபோது போனின் வயதை நிரூபிக்க வழியில்லாமல், அது பழையதாகவே கொள்ளப்படும்.

இப்படிக் கழிப்பதை ஏமாற்று வேலை என்று சொல்வதற்கில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பும் செலவு, பழுது நீக்கும் செலவு, 'ரீஃபர்பிஷ்டு' (பழுது நீக்கிப் புதுப்பித்தது) என்ற பெயரில் மறுபடி விற்கும்போது கொடுக்க வேண்டிய உத்தரவாதம், விற்பனையாகும்வரை நாளுக்கு நாள் குறையும் மதிப்பு ஆகிய எல்லாவற்றையும் அந்த நிறுவனம் நமக்குத் தரும் விலைக்கும் தான் விற்கும் விலைக்கும் இடையிலிருந்தே எடுத்தாக வேண்டும். ஜிஎஸ்டி விதிகளில் பழைய பொருள் வணிகர்களுக்கு ஒரு சலுகை உண்டு. உள்ளீட்டு வரி வரவு (பொருளை வாங்கும்போது கட்டிய வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்காதவர்கள் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான இலாபத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். இந்தச் சலுகை இல்லாவிட்டால் நமக்குக் கிடைக்கும் தொகை இன்னும் குறைந்திருக்கும். ஃபிளிப்கார்ட் 2022 ஜனவரியில் யான்த்ரா என்ற பழைய போன் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியதைப் பார்த்தால், இந்த இடைவெளியில் ஒரு தொழிலே நடக்கும் அளவுக்கு இடமிருப்பது தெரியும்.

தளத்தில் கண்ட விலை உறுதியான விலையாவது வீட்டு வாசலில்தான். வரும் பணியாளர் ஒரு சோதனைச் செயலியைப் போனில் ஓட்டுவார், திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், விளிம்புகளைத் தடவிப் பார்ப்பார். தன் செயலியில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்து, இறுதியில் திருத்திய தொகை ஒன்றைக் காட்டுவார். நாம் 'சிறு கீறல்' என்று குறித்தது அவர் கணக்கில் 'ஆழமான கீறல்' ஆகலாம். இந்தக் கட்டத்தில் பலருக்கும் ஏற்படும் உணர்வு, ஆள் வந்துவிட்டார், இனி எப்படித் திருப்பி அனுப்புவது என்ற சங்கடம். சங்கடப்படத் தேவையில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. திருப்பி அனுப்பப்படுவது அவர்கள் அன்றாடம் காண்பதுதான். ஆகவே ஆள் வருவதற்கு முன்பே, எந்தத் தொகைக்குக் கீழே போனால் கொடுப்பதில்லை என்று மனத்தில் ஓர் எல்லையைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. கேள்விகளுக்குக் கறாராக, நமக்கு எதிராகவே பதில் சொல்லி வைப்பதும் உதவும். தொடக்க விலை குறைவாகத் தெரிந்தாலும் வாசலில் அது இறங்காது. பிற வழிகளோடு ஒப்பிடுவதற்கும் அந்த எண்தான் உண்மையான எண்.

விற்பதற்கு முன் திரையையோ பேட்டரியையோ மாற்றினால் விலை கூடுமே என்ற எண்ணம் பலருக்கும் எழும். இணையவழிக் கொள்முதலுக்கு அது பெரும்பாலும் வீண்செலவு. நிறுவனத்தின் அசல் திரைக்குக் கொடுக்கும் பணம் விலை உயர்வில் திரும்பி வராது; வெளிக்கடையில் மலிவாக மாற்றினாலோ அது அசல் அல்லாத திரை என்று கழிக்கப்படும். ஐபோனில் இது இன்னும் வெளிப்படை. பாகம் மாற்றப்பட்டிருந்தால், அண்மைக்கால மாடல்களில் அமைப்புகள் பகுதியிலேயே அந்தத் தகவல் வந்துவிடும்; அசல் அல்லாத பாகமானால் 'அறியப்படாத பாகம்' என்றே காட்டும். பேட்டரியின் திறன் 80 விழுக்காட்டுக்குக் கீழே போயிருப்பதும் அங்கேயே தெரியும். உள்ளதை உள்ளபடி கொடுத்துவிடுவதே இலாபம்.

எக்ஸ்சேஞ்சுக்கு வருவோம். இங்கேதான் கணக்குப் போடாமல் பலர் இழக்கிறார்கள் என்பது என் கருத்து. பழைய நகையை மாற்றிப் புது நகை எடுக்கும்போது, பழைய தங்கத்துக்கு என்ன விலை போட்டார்கள் என்பதைவிடப் புது நகையின் செய்கூலியும் சேதாரமும் எவ்வளவு என்று பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். போனுக்கும் அதே பார்வை வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு தளத்தில் புதுப் போன் 30,000 ரூபாய். பழைய போனுக்கு 7,000 ரூபாயும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 2,000 ரூபாயும் தருவதாகச் சொல்கிறார்கள். ஆக நம் கையிலிருந்து போவது 21,000. கொள்முதல் நிறுவனம் அதே பழைய போனுக்கு 8,000 தருகிறது. 9,000 எங்கே, 8,000 எங்கே என்று எக்ஸ்சேஞ்சைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஆனால் அதே புதுப் போனை எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வேறொரு தளத்தில் வங்கி அட்டைத் தள்ளுபடியோடு 28,000 ரூபாய்க்கு வாங்க முடியுமானால், பழையதை விற்ற 8,000 போக நமக்கு ஆகும் செலவு 20,000தான். இந்த எடுத்துக்காட்டில் குறைவாகத் தெரிந்த வழியே ஆயிரம் ரூபாய் மிச்சம் தருகிறது. ஆகையால் ஒப்பிட வேண்டியது பழைய போனின் விலையை அன்று. இரு வழிகளிலும் கடைசியில் கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை. வங்கித் தள்ளுபடியும் எக்ஸ்சேஞ்ச் போனஸும் ஒன்றாகக் கிடைக்குமா, ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடுமா என்பதைப் பணம் செலுத்தும் பக்கம்வரை போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் தொகை புதுப் போனின் விலையையே குறைத்துவிடுவதால் வரியும் குறையும் என்றொரு நம்பிக்கை உண்டு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 27-ஆம் விதிக்குக் கொடுக்கப்பட்ட விளக்கமே போன் எக்ஸ்சேஞ்ச்தான்: பழைய போனை வாங்கிக்கொண்டு 20,000 ரூபாய்க்குத் தரப்படும் புதுப் போன், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் 24,000 ரூபாய்க்கு விற்கப்படுமானால், வரிக்கான மதிப்பு 24,000 என்கிறது அது. கொடுத்த பழைய போனும் பணம்தான் என்பது இதன் பொருள். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய போனையோ மடிக்கணினியையோ விற்பவருக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இத்தகைய பொருள்கள் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தாகக் கருதப்படாததால், விற்ற தொகைக்கு வரியும் இல்லை. தொழிலின் பெயரில் வாங்கி, ஜிஎஸ்டி வரவும் எடுத்துவிட்ட மடிக்கணினியானால் கதை வேறு. அதை விற்பதற்கு முன் தணிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

எக்ஸ்சேஞ்சில் பணத்தைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. விளம்பரங்களில் அது கண்ணில் படாது. புதுப் போனைக் கொண்டுவருபவர் அதே நொடியில் பழையதைக் கேட்பார். ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது படங்களை நகலெடுப்பதோடு முடிவதில்லை. யுபிஐ செயலிகளும் வங்கிச் செயலிகளும் சிம் அட்டையோடும் கருவியோடும் பிணைக்கப்பட்டவை. புதிய போனில் அவற்றை மறுபடி பதிவு செய்ய வேண்டும். வாட்ஸாப் உரையாடல்களை நேரடியாக மாற்ற இரண்டு போன்களும் அருகருகே இருக்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடுகளைத் தரும் செயலியை மாற்றாமல் பழைய போனைக் கொடுத்துவிட்டால், அலுவலக மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம். கொள்முதல் நிறுவனத்திடம் விற்பவருக்கு இந்த நெருக்கடி இல்லை. புதுப் போனை ஒரு வாரம் ஓட்டி, எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகு, வசதியான நாளில் ஆளை வரச் சொல்லலாம். புதுப் போனில் கோளாறு இருந்து திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும், எக்ஸ்சேஞ்சில் போன பழைய போன் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. ஒரே ஒரு போனை வைத்து வாழ்பவர்களுக்கு எக்ஸ்சேஞ்சை நான் பரிந்துரைக்கத் தயங்குவது இதனால்தான்.

எக்ஸ்சேஞ்ச் வெல்லும் இடங்களும் உண்டு. கொள்முதல் நிறுவனம் ஆள் அனுப்பாத ஊர்களில், அஞ்சல் குறியீட்டு எண்ணை இட்டவுடனேயே சேவை இல்லை என்று வந்துவிடும்; அங்கே புதுப் பொருளைக் கொண்டுவருபவர் பழையதை எடுத்துப்போவது வசதிதான். குறைந்த விலைப் பழைய போன்களுக்குப் பண்டிகைக் கால போனஸ், போனின் மதிப்பையே மிஞ்சிவிடுவதும் நடக்கும். தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி போன்ற பெரிய பொருள்களைத் தூக்கிப்போக ஆள் கிடைப்பதே பெரிது என்பதால், அங்கே எக்ஸ்சேஞ்சைத் தவிர வேறு வழியைத் தேடுவதில் பொருள் இல்லை.

நேரடி விற்பனையில் இடைத்தரகர் பங்கு முழுவதும் நமக்கு. அதற்கு ஈடாக எல்லாத் தொல்லையும் நமக்கு. வாங்கி ஓரிரு ஆண்டுகளே ஆன, பலரும் தேடும் மாடலாக இருந்தால் இந்த வழி அலைச்சலுக்குத் தகும். சாம்சங் 2024-இல் வந்த எஸ்24 வரிசைக்கும், கூகுள் 2023-இல் வந்த பிக்சல் 8 வரிசைக்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்புகள் தருவதாக அறிவித்த பிறகு, இரண்டாம் கையில் வாங்குபவர்களும் இன்னும் எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் உள்ள போனைச் சொற்ப விலைக்கு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் அலுவலகத்திலும் உறவிலும் சொல்லிப் பாருங்கள். ஆனால் உறவினருக்கு விற்றால் அடுத்த ஓராண்டுக்குப் போன் சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்ற புகார்கள் நம்மைத் தேடி வரும் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முன்பின் தெரியாதவருக்கு விளம்பரம் மூலம் விற்கும்போது இரண்டு மோசடிகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ராணுவத்தில் வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டு, பேரமே பேசாமல் முழு விலைக்கும் ஒப்புக்கொண்டு, 'பணம் அனுப்பியிருக்கிறேன், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்பது ஒன்று. யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணே தேவையில்லை. எண்ணைப் போட்டால் பணம் போகும், வராது. நேரில் வந்து, பணம் செலுத்தியதாகப் போலித் திரையைக் காட்டிவிட்டுப் போனோடு நடையைக் கட்டுவது மற்றொன்று. குறுஞ்செய்தியையும் நம்பாமல், வங்கிச் செயலியைத் திறந்து இருப்பில் தொகை ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை முடக்கும் வாய்ப்பைக் குறைக்கும். சந்திக்கும் இடம் வீடாக இருக்க வேண்டியதில்லை. ஆள் நடமாட்டமுள்ள ஒரு பேக்கரியோ வங்கி வாசலோ போதும்.

கடையின் பலம், உடைந்த பொருளுக்கும் அங்கே விலை உண்டு என்பது. திரை நொறுங்கிய போனையும், ஆன் ஆகாத மடிக்கணினியையும் இணையத் தளங்கள் மிகச் சொற்பத் தொகைக்கே எடுக்கும். அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவில் ஒரு பழுது நீக்குபவர் அதை முழுப் பொருளாகப் பார்க்காமல் திரை, மின்சுற்றுப் பலகை, சட்டகம், சார்ஜர் என்று பாகங்களாகப் பார்ப்பார். மடிக்கணினிகளுக்கு இது இப்போது இன்னும் பொருந்துகிறது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை இன்டெல் செயலியும் இல்லாத கணினிகள், நன்றாக ஓடினாலும், முழுப் பொருளாக விலை போவது கடினம். அதே நேரத்தில் 2025-இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியிருப்பதால், அவற்றுக்குள் இருக்கும் ரேமுக்குக் கடைக்காரரிடம் மதிப்பு இருக்கும். ஆகவே கடைக்குப் போகும் முன் எத்தனை ஜிபி ரேம், எந்த வகை, என்ன அளவு எஸ்எஸ்டி என்று குறித்துக்கொண்டு போவதும், ஒரே கடையோடு நிற்காமல் மூன்று நான்கு கடைகளில் விலை கேட்பதும் பலன் தரும். ரொக்கம் உடனே கிடைக்கும். ரசீது கேட்டால் மட்டும் முகம் மாறும் கடைகளும் உண்டு.

ரசீது ஏன் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் நம் பெயரில் உள்ள பில்லில் இருக்கிறது. நாளை அந்தப் போன் குற்றம் எதிலாவது பயன்பட்டால் விசாரணை முதலில் நம்மிடம் வரக்கூடும். ஐஎம்இஐ எண்ணும் தேதியும் குறிக்கப்பட்ட விற்பனை ஆவணம் இருந்தால் கவலை இல்லை. கொள்முதல் நிறுவனங்கள் இதைத் தாமாகவே தருவது அவற்றின் பெரிய அனுகூலம். அவர்களும் நம்மிடம் அடையாளச் சான்று கேட்பார்கள். முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் அதைக் கொடுக்கலாம். நேரடி விற்பனையில் ஒரு தாளில் இருவரும் கையெழுத்திட்டு, வாங்குபவரின் அடையாளச் சான்று நகலை இணைத்து வைத்துக்கொள்ளலாம். தொலைந்துபோய், தொலைந்த போன்களை முடக்குவதற்கான அரசின் சிஇஐஆர் தளத்தில் முடக்கப்பட்டு, பிறகு கிடைத்த போனானால், அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிவிட்டே விற்க வேண்டும். வாங்குபவர் 'கேஒய்எம்' (KYM) என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினாலே உண்மை வெளிவந்துவிடும்.

தரவு அழிப்பதில் நான்கு வழிகளுக்கும் ஒரே முறைதான். வரிசை மாறக் கூடாது. முதலில் நகலெடுப்பு, அடுத்து கூகுள் கணக்கிலிருந்தோ ஐகிளவுடிலிருந்தோ வெளியேறுவது, பிறகே போனிலுள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். கணக்கிலிருந்து வெளியேறாமல் அழித்தால் போன் பழைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும். அப்படிப்பட்ட போனை எந்த நிறுவனமும் எடுக்காது. சிம், மெமரி கார்டு, இ-சிம் மூன்றையும் நீக்க வேண்டும். அண்மைக்காலப் போன்களில் உள்ளடக்கம் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டே சேமிக்கப்படுவதால், ரீசெட் செய்தவுடன் அதைத் திறக்கும் சாவியும் அழிந்துவிடும். மீட்டெடுப்பார்களோ என்ற அச்சம் பெரிதாகத் தேவையில்லை. வீட்டுக்கு ஆள் வரும் வழியில், நகலெடுப்பை முன்பே முடித்துக்கொண்டு, விலை ஒப்புக்கொண்ட பிறகு அவர் முன்னிலையில் ரீசெட் செய்வது நல்லது. விலை ஒத்துவராமல் அவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், அழித்த போனை மறுபடி உயிர்ப்பிக்கும் வேலை மிஞ்சாது. பழைய வகை ஹார்டு டிஸ்க் உள்ள மடிக்கணினியில் கோப்புகளை நீக்குவது மட்டும் போதாது. விண்டோஸ் ரீசெட்டில் வட்டை முழுவதும் துடைக்கும் தெரிவைப் பயன்படுத்த வேண்டும். ஆன் ஆகாத கணினியானால், சில நூறு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை என்று வட்டைக் கழற்றி வைத்துக்கொள்வதே சரி.

எந்த வழியிலும் விலை போகாத பொருளும் மிஞ்சும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள்மீது மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. பல நிறுவனங்களின் சேவை மையங்களில் பழைய கருவிகளை வாங்கிக்கொள்கிறார்கள், பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களும் இருக்கிறார்கள். பேட்டரி உப்பியிருக்கும் போனை மட்டும் இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும்: அதற்கு விலை கேட்டுக்கொண்டிருக்காமல், கூரியரிலும் அனுப்பாமல், சார்ஜில் போடாமல், அழுத்தாமல் நேரே சேவை மையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும்.